“எல்லாம் புதுசு போட்டாச்சு சார்” என்ற வார்த்தையை நம்பி அரை மாதச் சம்பளம் போனது

நேற்று ராத்திரி வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 25 வருடப் பழைய மோட்டார் பைக். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஹேண்டில் ஆடும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று அமுங்கும். பழைய வண்டிகளுக்கு ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாய்), ஷாக் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரர் முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை என்னையே மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு குழியில் விழுந்தது போல நின்றது. “பாத்தீங்களா சார், கோன் செட் போயிடுச்சு.” ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கைத்தான் கோன் செட் என்கிறார்கள். அப்புறம் ஃபோர்க் பைப்பில் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். சொரசொரவென்று துருப் புள்ளிகள். “இதுமேல எத்தனை புது சீல் போட்டாலும் கிழிச்சிடும் சார்.” சீல் என்பது ஃபோர்க் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதனால்தான் நம்பினேன். தொழில் தெரியாதவர் கெடுத்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும்.

கோன் செட், இரண்டு பைப், சீல், ஆயில், ஸ்விங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் உருளை) எல்லாம் மாற்றியதாகச் சொல்லி அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார். பழைய சாமானைக் கேட்டேன். “பழைய இரும்புல போட்டாச்சு சார், அந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கு?” நானும் சரி என்று வந்துவிட்டேன்.

நான்காம் நாள் முன் பிரேக் டிஸ்க் முழுக்க ஃபோர்க் ஆயில். பின்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள், பிரேக்கை அழுத்துகிறேன், பிடிக்கவே இல்லை. எப்படியோ பின் பிரேக்கில் நிறுத்தினேன்.

போன் செய்தால், “புது சீல், செட் ஆகட்டும் சார்.” மறுநாள், “நீங்க பள்ளத்துல வேகமா இறக்கியிருப்பீங்க.” அடுத்த வாரம் நேரில் போனேன். முகத்தைக்கூடப் பார்க்காமல், “பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்றார். அரை மாதச் சம்பளம் வாங்கும்போது அது பழைய வண்டி என்று தெரியவில்லையா?

நேற்று நண்பரோடு சேர்ந்து கழற்றினேன். கோன் செட்டில் அதே குழிகள், மேலே புது கிரீஸ் மட்டும். பைப்பும் பழசுதான், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். ஃபோர்க்கிலிருந்து வடிந்த ஆயில் கறுத்து நாறியது. ஸ்விங் ஆர்ம் நட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, துரு அப்படியே மூடிக்கிடக்கிறது.

இனி கொடுப்பவர்களுக்கு: கொடுக்கும் முன்பே ஃபோர்க் பைப், நட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் போய்ப் படமெடுத்து வையுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல் பணம் தராதீர்கள். எடுக்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் எங்கும் சிக்கக் கூடாது. பின்சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், பிரேக் பேடையும் மாற்ற வேண்டும்.

இன்று காலை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.