கார்வெட் சி5: கியர்பாக்ஸை ரீபில்ட் செய்து சில வருடம் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 2002 மாடல் கார்வெட் சி5, செவ்ரோலே ஸ்போர்ட்ஸ் கார். 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சின், நாலு கியர் 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஹூஸ்டனில் ஓட்டுகிறேன். ஒரு லட்சம் மைல் தாண்டியபின் கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்தது. இருப்பதையே பிரித்து ரீபில்ட் செய்வதா, வேறு கியர்பாக்ஸ் யூனிட் வாங்கி மாட்டுவதா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டு ரீபில்ட் செய்தேன். இத்தனை வெயில்காலங்கள் ஓட்டிய பிறகும் அதுதான் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் அதுவேதான் சரி என்று சொல்ல மாட்டேன். வேலையில் இறங்குவதற்கு முன் உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

என் காரில் முதல், இரண்டாம் கியரும் ரிவர்ஸும் நன்றாகவே இருந்தன. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் ஆர்பிஎம் சட்டென்று ஏறி, கார் ஒரு கணம் தயங்கி, அப்புறம்தான் பிடிக்கும். அடியில் ஆயில் தங்கும் பேனைக் கழற்றினால் ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தது. பேனுக்குள் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்புதான். இங்கே பேனின் அடியிலேயே கறுப்புத் தூள் படிந்திருந்தது. 4எல்60-இ தெரிந்த எவரும் இதைப் பார்த்ததும் 3-4 கிளட்ச் என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாம் கியருக்கும் நாலாம் கியருக்கும் பொதுவாக உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டு அடுக்கு அது. இந்தக் கியர்பாக்ஸில் பெரும்பாலும் முதலில் தேய்வதும் அதுதான்.

அறிகுறி வேறாக இருந்தால் கணக்கும் மாறும். இரண்டும் நாலும் ரிவர்ஸும் ஒரே நேரத்தில் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் வேலை செய்தால் உள்ளே சன் கியரைச் சுழற்றும் உலோகக் கூடான சன் ஷெல் உடைந்திருக்கும். கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். அதுவே ஹைவேயில் போகும்போது ஆர்பிஎம் ஊசலாடி, பி1870 என்ற கோளாறுக் குறியீடு வந்து, கியர் மாற்றம் முரட்டுத்தனமாகிவிட்டால், முதலில் ஆயில் அழுத்தத்தை வழிநடத்தும் வால்வ் பாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் விசையை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டுகிற லாக்கப் வால்வ் ஓடும் துளை தேய்ந்தால் இப்படி ஆகும். துளையைச் சீராக்கிப் பெரிய வால்வ் போட்டால் தீர்ந்துவிடும். பேனைக் கழற்றிச் செய்கிற வேலைக்கு முழு கியர்பாக்ஸையும் இறக்கத் தேவையில்லை.

சி5 மற்ற கார்களிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலோடு சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவில், விசையைக் கடத்தும் சுழல்தண்டை உள்ளே கொண்ட நீளமான ஒரு டார்க் ட்யூப். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக வர வேண்டும் என்பதற்காகச் செய்த அமைப்பு. ஓட்டும்போது அருமையாக இருக்கும், கியர்பாக்ஸை இறக்கும்போது கஷ்டம். எக்ஸாஸ்ட்டைக் கழற்றி, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் கிரேடிலை இறக்கி, டார்க் ட்யூப், டிஃபரென்ஷியல் எல்லாவற்றோடும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். அதாவது, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். என் முடிவை இதுதான் தீர்மானித்தது.

பழைய கார் யார்டில் கிடைக்கும் யூனிட் மலிவுதான். ஆனால் அதுவும் என்னுடையதைப் போலவே இருபது வருடம் கடந்தது, உள்ளே அதே 3-4 கிளட்ச், எத்தனை வெயிலில் எப்படி ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதை நம்பி அவ்வளவு கூலியையும் கொட்டிவிட்டு, ஒரு வருடத்தில் மறுபடியும் பின்பக்கத்தை இறக்க நேர்ந்தால்? ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப் டிரக்குகளிலும் இதே 4எல்60-இ குடும்பம்தானே என்று சிலர் கேட்பார்கள். உள் பாகங்கள் பெரும்பாலும் பொதுவானவைதான். ஆனால் சி5 யூனிட் பின்னால் டிஃபரென்ஷியலோடு நேராகச் சேருவதால் டிரக்கிலிருந்து அப்படியே தூக்கி மாட்ட முடியாது. ஆறு கியர் டி56 மேனுவலுக்கு மாறும் ஆசையும் இருந்தது. அதற்கு டார்க் ட்யூப், பெடல், கிளட்ச், டிஃபரென்ஷியல், கம்ப்யூட்டர் டியூனிங் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். மேனுவல்தான் வேண்டும் என்றால் அந்தக் காரையே தேடி வாங்குவது நல்லது. தொழிற்சாலை முறையில் சீரமைத்து உத்தரவாதத்தோடு விற்கும் யூனிட் ஒன்றுதான் ரீபில்டுக்கு உண்மையான போட்டி. அருகில் நம்பகமான ரீபில்டர் இல்லாதவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

பிரித்த அன்று நேரில் போய்ப் பார்த்தேன். 3-4 கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பூச்சே இல்லை. இடையிலிருந்த எஃகுத் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ரீபில்டர் அதோடு விடவில்லை. கிளட்ச் உட்காரும் டிரம்முக்குக் காற்றழுத்தம் கொடுத்ததும், ஆயில் வழியைத் திறந்து மூடும் சின்னக் குண்டு வால்வான செக்பால் காப்ஸ்யூல் இருக்கும் இடத்தில் எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது. கிளட்சை அழுத்த வேண்டிய அழுத்தம் அந்த வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் சீக்கிரமே கருகியிருக்கும். எதனால் கெட்டது என்று கண்ணெதிரே தெரிந்தது எனக்குப் பெரிய நிம்மதி. காப்ஸ்யூல், சீல்கள், நல்ல தரக் கிளட்ச், வலுவூட்டிய சன் ஷெல், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான பிரஷர் கன்ட்ரோல் சாலினாய்டு எல்லாம் புதிது. டிரக் வைத்திருப்பவர்கள் இரண்டாம் கியர் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போடும் கார்வெட் சர்வோ நம் காரில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குச் செலவில்லை.

கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பவற்றில் கஞ்சத்தனம் கூடாது. கருகிய கிளட்சின் தூள் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் ரேடியேட்டரில் இருக்கும் கூலருக்குள்ளும் போயிருக்கும். கன்வெர்ட்டரை மாற்றி, கூலர் லைன்களைக் கழுவி, தனியாக ஒரு கூலரும் வைத்தேன். டார்க் ட்யூபின் ரப்பர் கப்ளிங்குகளில் வெடிப்பு இருந்தது. கையோடு அவற்றையும் மாற்றியாயிற்று. இன்னொரு தடவை அதற்காக இறக்க யாருக்கு மனசு வரும்? பழைய தேய்மானத்துக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த அழுத்தத் திருத்தங்களையும் அழிக்கச் சொன்னேன்.

இப்போது இரண்டு-மூன்று மாற்றம் சுத்தமாக இருக்கிறது, வேகமாக மிதித்தாலும் ஆர்பிஎம் பறப்பதில்லை. ஒன்று-இரண்டு மாற்றம் முன்பைவிட அழுத்தமாக விழுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைப் பார்க்க முடிவது இந்தக் காரில் பெரிய வசதி. முன்பெல்லாம் ஆகஸ்ட் மாத டிராஃபிக்கில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். தனிக் கூலர் வைத்தபின் அதற்குக் கீழேயே நிற்கிறது. ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. காரைச் சமமாகத் தூக்கிப் பக்கவாட்டுப் பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆயில் மாற்றும் வேலையை இதே கடைக்குத்தான் கொடுக்கிறேன்.

ரீபில்டால் தீராத குறையும் உண்டு. முதல் கியரின் விகிதம் 3.06, இரண்டாவதின் விகிதம் 1.63. அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். வளைந்து நெளிந்த சாலையில் இரண்டுக்குப் போனதும் எஞ்சின் மூச்சு வாங்குவது தெரியும். அது பொறுக்காதவர்கள் கியர்பாக்ஸில் பணம் போடுவதற்கு முன் வேறு கார் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது உத்தரவாதக் காகிதத்தை வரி வரியாகப் படியுங்கள். சில இடங்களில் கியர்பாக்ஸுக்கு மட்டும் உத்தரவாதம் தருவார்கள், இறக்கி ஏற்றும் கூலி நம் தலையில். சாதாரண காரில் அது தாங்கும், சி5-இல் தாங்காது. கூலியும் சேர்த்து எழுதித் தந்த கடைக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன்.