சிறிய ஊரிலிருந்து காரில் ஒருநாள் பயணம்: எட்டு ஆண்டு அனுபவம்

கார் வாங்கிய முதல் ஆண்டில் நாங்கள் சென்ற ஒருநாள் பயணங்களை இப்போது நினைத்துப் பார்த்தால், பார்த்த இடங்களைவிடத் திரும்பி வந்த விதமே முதலில் நினைவுக்கு வருகிறது. இருட்டிய பிறகு பழக்கமில்லாத சாலையில், பின் இருக்கையில் குழந்தைகள் கழுத்து சாய்ந்து தூங்க, அம்மா இடுப்பு வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்க, நான் கண்ணைக் கசக்கியபடி ஓட்டி வந்த இரவுகள் அவை. இரண்டாம் ஆண்டில் ஒரு நோட்டு வாங்கி, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நடுவில் நின்ற இடங்கள், வீடு திரும்பிய நேரம், யாருக்கு என்ன சிரமம் ஏற்பட்டது என்பவற்றை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எழுதி வைக்கத் தொடங்கினேன். எட்டு ஆண்டுகளில் அது மூன்றாவது நோட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் குறிப்புகளைக் கொண்டு நாங்கள் படிப்படியாக அமைத்துக்கொண்ட திட்டமிடும் முறையை, அதில் பலித்தவற்றையும் பலிக்காதவற்றையும் சேர்த்தே இங்கே பகிர்கிறேன்.

சிறிய ஊரில் வசிப்பவர்களுக்கு இத்தகைய பயணத்தில் பெரிய வசதி ஒன்று உண்டு. வாசலில் காரை எடுத்தால் பத்து நிமிடத்தில் ஊர் எல்லையைத் தாண்டிவிடலாம். நெரிசலில் ஊர்ந்து வெளியேறுவதிலேயே காலைப் பொழுது கரைந்துபோகாது. ஆனால் ஊரைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க், சுத்தமான கழிப்பறை, பங்க்சர் ஒட்டும் கடை, கைபேசி சிக்னல் எல்லாம் நீண்ட இடைவெளிகளில்தான் கிடைக்கும். ஆகவே புறப்படுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு கவனத்தை வழியில் செலுத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் முறையின் அடிப்படை, பயணத்தை மாலையிலிருந்து காலையை நோக்கித் திட்டமிடுவது. முன்பெல்லாம் எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்றுதான் பேச்சைத் தொடங்குவோம். இப்போது சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு அரை மணி நேரம் முன்பு கார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம். அங்கிருந்து திரும்பும் பயண நேரத்தைக் கழித்தால் இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் கிடைக்கிறது; அங்கே தங்கும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கழித்தால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் வருகிறது. அது காலை ஐந்தரை மணி என்று வந்தால், அந்த இடம் ஒருநாள் பயணத்துக்கு உரியது அன்று என்று அப்போதே விட்டுவிடுகிறோம். சூரியன் மறையும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதாலும், நிலநடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் ஊர்களில் அந்த மாற்றம் பெரிதாக இருக்கும் என்பதாலும், ஒரு பருவத்தில் எளிதாக அமைந்த பயணம் மற்றொரு பருவத்தில் இருட்டில் முடியக்கூடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் நினைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். 120 கிலோமீட்டர் பாதையில் பாதித் தூரத்தை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலும், சிற்றூர்களும் வளைவுகளும் நிறைந்த மீதிப் பாதியை 40 கிலோமீட்டர் வேகத்திலும் கடப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 60 என்றுதான் மனம் கணக்குப் போடும். இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். உண்மையில் முதல் பாதிக்கு 45 நிமிடம், அடுத்த பாதிக்கு ஒன்றரை மணி நேரம் என மொத்தம் இரண்டே கால் மணி நேரம் ஆகிறது. சராசரி வேகம் 53 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மெதுவாகச் செல்லும் பகுதியில்தான் அதிக நேரம் கழிகிறது என்பதால் சராசரியை அது கீழே இழுத்துவிடுகிறது. போக வரச் சேர்த்து அரை மணி நேரம் கணக்கில் வராமல் போவது இப்படித்தான். அதை நல்ல சாலையில் வேகமாக ஓட்டி ஈடுகட்டலாம் என்று நானும் முயன்றிருக்கிறேன். அதே 60 கிலோமீட்டரை 80-க்குப் பதிலாக 100-இல் கடந்தால் மிச்சமாவது ஒன்பதே நிமிடம். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. எரிபொருள் அதற்கேற்பக் கரைகிறது. சட்டம் அனுமதிக்கும் சாலையிலும் அந்த ஒன்பது நிமிடத்துக்காக நான் இப்போது அவசரப்படுவதில்லை.

ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்பதே எங்கள் எல்லை. அதற்கு மேல் போன பயணங்களைப் பற்றி நோட்டில் திரும்பத் திரும்ப ஒரே வரிதான் இருக்கிறது: "இடம் நன்று, உடம்பு அசதி." காரில் நெடுந்தூரம் சென்ற முதல் பயணம் என்று சொல்லப்படுவது, 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில், கார் உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றது. ஏறத்தாழ 105 கிலோமீட்டர்தான். விஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கி, மேட்டில் பிள்ளைகள் வண்டியைத் தள்ள, பகல் முழுவதையும் வழியிலேயே செலவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். சில நாட்கள் கழித்தே திரும்பினார். இன்று அதே தூரத்தைக் காலைப் பொழுதுக்குள் கடந்துவிட முடிகிறது என்பதற்காக, அதை இரு மடங்காக்கி ஒரே நாளுக்குள் அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

கைபேசி வரைபடச் செயலியை எட்டு ஆண்டுகளும் பயன்படுத்தியிருக்கிறேன். அது இல்லாமல் திட்டமிடுவதை இப்போது நினைத்துக்கூடப் பார்க்க இயலாது. ஆயினும் அதன் இயல்பைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அது காட்டும் நேரம் ஓட்டிக்கொண்டே இருக்கும் நேரம். கழிப்பறைக்கு நிற்பதும், குழந்தை கேட்டதும் நிறுத்துவதும், வண்டி நிறுத்த இடம் தேடுவதும் அதில் சேராது. சாலையின் நெரிசலை அது அந்தச் சாலையில் செல்பவர்களின் கைபேசிகளைக் கொண்டே பெரிதும் அறிகிறது. வண்டிகள் அரிதாகச் செல்லும் கிராமச் சாலையில் அறிந்துகொள்வதற்கு அதனிடம் அவ்வளவு தகவல் இருப்பதில்லை. ஐந்து நிமிடம் குறைவு என்று காட்டிய குறுக்குவழியை நம்பி, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத பாதையில் நுழைந்து, அரைக் கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டி வெளியே வந்த பிறகு, முந்தைய நாள் இரவே முழுப் பாதையையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடும் வழக்கத்தைக் கைக்கொண்டேன். செயலியின் நேரத்துடன் நான்கில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்கிறேன். எங்கள் நோட்டில் உள்ள நேரங்களுடன் அது நன்றாகவே ஒத்துப்போகிறது. இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, படத்தைக் காட்டத்தான் தேவை என்பதால், போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தவறாது.

திசையையும் கவனிக்க வேண்டும் என்பதை நாங்கள் தாமதமாகவே கற்றோம். காலையில் கிழக்கு நோக்கிப் போய் மாலையில் மேற்கு நோக்கித் திரும்பினால், இரண்டு முறையும் தாழ்ந்த சூரியன் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக நிற்கும். ஊருக்கு மேற்கில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போகும்போதும் வரும்போதும் வெயில் முதுகுப்புறம் விழும். நோட்டில் "கண் கூச்சம், தலைவலி" என்று நான் எழுதியிருந்த பயணங்களைப் பின்னர் வரைபடத்தில் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவையாக இருந்தன. கிழக்கில் போயே ஆகவேண்டிய இடங்களுக்குச் சூரியன் சற்று உயர்ந்த பிறகு கிளம்பி, அது தாழ்வதற்கு முன்பே திரும்பிவிடுகிறோம். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும்போது எதிரே வருபவரின் கண்தான் கூசும் என்பதால், அப்போது பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாளுக்கு ஓர் இடம் என்பது வீட்டில் அதிக வாதத்துக்கு உள்ளான விதி. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பக்கத்தில் இருக்கும் இன்னோர் இடத்தையும் பார்த்துவிடலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். அதன்படி போன நாட்களில் இரண்டு இடங்களிலும் வண்டி நிறுத்துவதும் வரிசையில் நிற்பதுமாகப் பொழுது போனதே தவிர, எங்கும் மனம் ஆற உட்கார முடியவில்லை. பக்கத்து இடத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, அதை அடுத்த பயணமாக்கிக்கொள்ளலாம் என்று மகள் சொன்ன யோசனை அந்த வாதத்தை முடித்து வைத்தது. இப்போது அந்தப் பக்கத்தில் பதினான்கு இடங்கள் இருக்கின்றன. போக நினைத்த இடம் மூடியிருந்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ, அதே திசையில் உள்ள ஒன்றை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். வாராந்திர விடுமுறை நாளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யாமல் இரண்டு முறை பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறோம்; மூன்றாம் முறை நிற்கவில்லை.

எங்களை மிகவும் தடுமாறச் செய்தது டயர். ஒன்றரை ஆண்டுக்கு முன் பழைய காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கினோம். அதில் ஸ்டெப்னி இல்லை. பங்க்சர் அடைக்கும் திரவமும் சிறிய காற்றடிக்கும் இயந்திரமும் மட்டுமே இருந்தன. வாங்கும்போது நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒரு விடுமுறை நாளில், ஊர் எதுவும் அருகில் இல்லாத சாலையில், உடைந்த கல்லின் விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அந்தத் திரவம் தரையில் படும் பகுதியில் ஏற்படும் சிறு துளையைத்தான் அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பயன்படாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனம் வர நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு மர நிழலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அடுத்த வாரமே அந்தக் காருக்குப் பொருந்தும் சிறிய ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் தனியாக வாங்கி டிக்கியில் வைத்துவிட்டேன். இத்தகைய ஒல்லிச் சக்கரத்தில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுத்த டயர் கடை வரை செல்வதற்கு அது போதும். நாம் ஸ்டெப்னி என்று அழைக்கும் பெயரே, 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் உருவாக்கப்பட்ட மாற்றுச் சக்கரத்துக்கு அங்கிருந்த ஸ்டெப்னி தெருவை ஒட்டி வைக்கப்பட்டதுதான். அந்தக் காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. இப்போதைய கார்களில் பலவும் அந்த நிலைக்கே திரும்பியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கார் வாங்குபவர்கள் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரக் காரைப் பொறுத்தவரை, ஒன்றரை மணி நேர எல்லை அதற்கு இயல்பாகவே பொருந்திவிட்டது. போக வர வீட்டில் ஏற்றிய மின்சாரமே போதுகிறது. வழியில் ஏற்ற வேண்டிய நாட்களில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் விரைவு மின்னேற்றத்தின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இளையவனுக்கு வளைவுச் சாலையில் வாந்தி வரும். உடல் அசைவதைக் காது உணர, கண்ணோ அசையாத புத்தகத்தையோ திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் குமட்டல் வருகிறது. 2 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கே இது அதிகம். ஓடும் காரில் கைபேசி தருவதை நிறுத்திவிட்டு, தொலைவில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்க்கச் சொல்லியதும், ஏசியை மட்டும் நம்பாமல் அவ்வப்போது கண்ணாடியை இறக்கியதும் பெருமளவு உதவின. அம்மாவுக்காக முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சற்று நடக்க வைக்கிறோம். நிறுத்திய காரில் குழந்தைகளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடுவதில்லை. வெயிலில் நிற்கும் காரின் உட்புற வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைப்பதால் அது அவ்வளவாகக் குறையாது.

ஓட்டுபவரின் தூக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை உடலின் விழிப்பு இயல்பாகவே தாழும்; சாப்பிடாமல் இருந்தாலும் அது நிகழும். ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் மூன்று மணி அளவில், நேரான சாலையில், கடைசியாகக் கடந்த இரண்டு மைல்கற்கள் எனக்கு நினைவில்லை என்பதை உணர்ந்தேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. உடனே ஓரம் கட்டி, மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். அன்று முதல் அந்த இரண்டு மணி நேரத்தில் காரை ஓட்டுவதே இல்லை என்று வைத்திருக்கிறோம். அந்த நேரம் சென்ற இடத்திலேயே நிழலில் கழிகிறது. நான் இருபது நிமிடம் படுத்து எழுந்து, முகம் கழுவிய பிறகே கிளம்புகிறோம். முன்பே கிளம்பியாக வேண்டிய நாட்களில், திரும்பும் வழி முழுவதையும் மனைவி ஓட்டுகிறார்.

வீடு திரும்பியதும் சாமான்களை இறக்குவதற்கு முன் காரில் இருந்தபடியே நோட்டில் நான்கைந்து வரிகள் எழுதிவிடுகிறேன். மறுநாள் எழுதலாம் என்று விட்ட பயணங்களின் பக்கங்களில் நேரங்கள் எல்லாம் தோராயமாகவே இருக்கின்றன. டயர்களின் காற்றழுத்தத்தை மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கிறேன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் பார்த்தால்தான் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுடன் அது ஒப்பிடத் தக்கதாக இருக்கும். சென்ற மாதம் அப்படிப் பார்த்தபோது இடது பின் டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தது. சிறிய ஆணி ஒன்று குத்தியிருந்ததைக் கண்டு, ஊரிலேயே பங்க்சர் ஒட்டிய பிறகு அடுத்த பயணத்துக்கான நாளைக் குறித்தோம்.