கமக்கட்டு மஞ்சளுக்கு ஒட்சிசன் தூள்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

பேரங்காடிகளின் சலவைப் பொருள் அடுக்கில் 'ஒக்சி' என்ற அடைமொழியோடு விற்கப்படும் கறைநீக்கித் தூள்கள், உறையின் நிறத்திலும் வாசனையிலும் எவ்வளவு வேறுபட்டாலும், உள்ளே பெரும்பாலும் ஒரே சேர்வையையே நம்பி நிற்கின்றன. அதன் பெயர் சோடியம் பேர்காபனேற்று. நான் மதிப்பிடுவது அந்தச் சேர்வையைத்தான். ஆகவே வர்த்தகப் பெயர் எதையும் இங்கே எடுத்துச் சொல்லவில்லை. முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். வெள்ளைப் பருத்திச் சட்டையின் கமக்கட்டிலும் கழுத்துப்பட்டியிலும் படியும் மஞ்சள் கறைக்கு, மட்டக்களப்பில் நாம் பழகிவந்த சவர்க்காரக் கட்டி, நீலம், குளோரீன் வெளிற்றி ஆகிய மூன்றையும் விட இது மேலானது. ஆனால் கிணற்றடியில் குளிர்ந்த நீரில் கரைத்து, கால் மணி நேரத்தில் கும்மி அலசிவிடும் வழக்கத்தோடு இதைப் பாவித்தால், சாதாரண சலவைத் தூளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டுமே தெரியும்.

இந்தத் தூள் எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஒரே சட்டையில் இரண்டு வகைக் கறைகள் இருப்பதை முதலில் கவனிக்க வேண்டும். கழுத்துப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் தோலின் எண்ணெயும் உதிர்ந்த தோற்கலங்களும் தூசியும் கலந்த படிவு. அந்த எண்ணெய் காற்றோடு தாக்கமுற்று நாளடைவில் மஞ்சளாகிறது. கமக்கட்டில் இருப்பதோ வேறு. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு நிறமில்லை. நீரும் உப்புமே அதில் அதிகம். கமக்கட்டின் சுரப்பிகள் அதனோடு சிறிதளவு புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துவிடுகின்றன. வியர்வையை அடக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்புகள் இவற்றோடு சேரும்போதுதான், தொட்டால் மெழுகு போல விறைத்து நிற்கும் அந்த அழுக்கு மஞ்சள் படை உருவாகிறது. வியர்வையை மறைக்கப் பூசுவதே கறையின் பாதிக் காரணமாகிவிடுகிறது என்பதை எம்மில் பலர் கருத்திற் கொள்வதில்லை. மணத்துக்காக மட்டும் பூசப்படும் வகைகளில் இந்த உப்பு பொதுவாக இருப்பதில்லை. உட்பொருள் பட்டியலில் அலுமினியம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பேர்காபனேற்றுத் தூளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஐதரசன் பேரொட்சைட்டு ஆகும். நீரில் கரைந்ததும் அது விடுபட்டுக் கறையின் நிறத்தைச் சிதைக்கிறது; எஞ்சும் சோடியம் காபனேற்று நீரைக் காரமாக்கி எண்ணெய்ப் பசையை இளக்குகிறது. கழுத்துப்பட்டிக் கறைக்கு இந்த இரண்டுமே பொருத்தமான மருந்து என்பதால், பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைச் சட்டைகளிலும் கோயிலுக்கு உடுத்தும் வேட்டிகளின் இடுப்பு மடிப்பிலும் கிடைத்த பலன் எனக்கு முழுத் திருப்தி தந்தது. தேய்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அலுவலகத்துக்கு அணியும் சட்டைகளின் கமக்கட்டில் மட்டும் மஞ்சள் மங்கியதே தவிர விறைப்பு அப்படியே நின்றது. அலுமினியப் படிவு காரத்துக்கு இலகுவில் அசைவதில்லை; அதற்கு அமிலம் வேண்டும். வினாகிரியைச் சம அளவு நீரில் கலந்து கறைபட்ட இடத்தை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, நன்றாக அலசி, அதன் பின்னரே தூள் கரைத்த நீரில் இட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றுவது பயனற்றது: அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடும். பல மாதங்கள் அலுமாரியில் மடித்து வைத்து, மேலும் மேலும் மின்னழுத்தியின் சூடு பட்டு இறுகிய கறை இதற்கும் முழுமையாக விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சூடுதான் இங்கே தீர்மானிக்கும் விடயம். உறையில் எதை எழுதியிருந்தாலும், இந்தத் தூள் 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில்தான் வேகமாக வேலை செய்கிறது. குளிர்ந்த நீரில் அதன் வேகம் பெரிதும் குறைகிறது. எமது வீடுகளில் உள்ள மேல்வாய்ச் சலவை இயந்திரங்கள் பலவற்றுக்கு நீரைச் சூடாக்கும் வசதி இல்லை. ஆகவே வாளிதான் வழி. ஒரு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு குழாய் நீர் சேர்த்தால் எமது காலநிலையில் 45 பாகை அளவுக்கு வந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கியிலிருந்து பிற்பகலில் வரும் நீரே கையைச் சுடும். அந்த நேரத்தில் கொதிநீரை இன்னும் குறைத்துக்கொள்ளலாம். முதலில் தூளை முழுமையாகக் கரைத்துவிட்டுத் துணியை இட வேண்டும். கரையாத தூள் துணிமேல் குவிந்தால் அந்த இடம் மட்டும் வெளிறக்கூடும். ஊறவைப்பதற்கு ஒரு மணித்தியாலம் குறைந்த அளவு. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தாலும் கூடுதலாக எதுவும் கிடைக்காது, ஏனெனில் அதற்குள் அதன் வலு தீர்ந்துவிடும். கையுறை அணிவது நல்லது. வெறுங்கையோடு அலசினால் விரல்கள் வறண்டு எரியும்.

நீரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. வாவியையும் கடலையும் அண்டிய காணிகளில் கிணற்று நீர் சவர்த்தன்மை கொண்டதாகவோ வன்மை கூடியதாகவோ இருப்பதைக் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் வாழ்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வன்னீரில் சவர்க்காரக் கட்டி நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, அந்தத் திரிதலே துணியில் ஒட்டி மங்கலை உண்டாக்குகிறது. பேர்காபனேற்றில் உள்ள காபனேற்று, நீரின் கல்சியத்தைப் படியச் செய்து வன்மையைக் குறைக்கிறது. இது ஒரு நன்மை. ஆயினும் அந்தப் படிவு வெண்தூளாகத் துணியில் தங்காதிருக்க, நிறைய நீரில் அலச வேண்டும். இரும்பு கலந்த கிணற்று நீர் என்றால் நிலைமை வேறு. வாளியின் அடியில் செம்மண் நிறம் படிகிறதென்றால் அந்த நீரை இதற்குப் பாவிக்கக் கூடாது. இரும்பு, பேரொட்சைட்டை வீணாகச் சிதைப்பதோடு, அது படிந்திருக்கும் இடத்தில் நூலையே அரித்து நாளடைவில் சிறு துளைகளை உண்டாக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய் நீர் உள்ள வீடுகளில், ஊறவைப்பதற்கு மட்டுமாவது அதையே எடுப்பது நல்லது. துருப்பிடித்த தகர வாளியைத் தவிர்த்து பிளாஸ்ரிக் வாளியைப் பாவிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளைத் துணி மஞ்சளானால் குளோரீன் வெளிற்றியை ஊற்றுவது எமது வீடுகளில் ஊறிப்போன பழக்கம். தேநீர்க் கறைக்கு அது உதவலாம். வியர்வைக்கு அது எதிரி. புரதம் தங்கியிருக்கும் துணியில் குளோரீன் தாக்கினால் மஞ்சள் கூடுகிறது. இரும்புள்ள நீரில் துரு நிறமும் சேர்கிறது. வெண்மைக்காக ஊற்றி, மஞ்சளைக் கண்டு, மேலும் ஊற்றி, இறுதியில் துணியைக் கிழித்துக்கொள்வதே பலரின் அனுபவம். அதைவிட முக்கியமானது, குளோரீன் வெளிற்றியோடு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கழிவறை கழுவும் அமிலமோ கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு வெளிவரும் என்பதாகும். மூடிய குளியலறையில் அது உயிராபத்து. நீலம் போடுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் அது கறையை நீக்குவதில்லை. மஞ்சளின் மேல் மெல்லிய நீலத்தைப் படரவிட்டுக் கண்ணுக்கு வெண்மையாகக் காட்டுகிறது, அவ்வளவே. திருவிழாவுக்கு மறுநாள் வேட்டி தேவைப்படுகிறதென்றால் அதுவும் ஒரு தீர்வுதான்.

எல்லாத் துணிக்கும் இந்தத் தூள் ஏற்றதல்ல. பட்டுக்கும் கம்பளிக்கும் இதன் காரத்தன்மை ஒவ்வாது. சரிகைக் கரையுள்ள சட்டைத் துணிகளையும் இதில் இடக் கூடாது. மருதமுனைக் கைத்தறிச் சாறங்களையும் பருத்திச் சேலைகளையும் பொறுத்தவரை சாயம்தான் கேள்வி. மடிப்பின் உட்புறத்தில் ஒரு துளி கரைசலை விட்டு, சற்று நேரம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால், சாயம் ஏறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பொலியெஸ்டர் விளையாட்டுச் சட்டைகளுக்கு இதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. அவற்றில் மஞ்சளைவிட வாடையே பெரும் தொல்லை. அந்த நூல் தோலின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம், அதற்குக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியம் சேர்ந்த சலவைத் திரவமே பொருத்தமானது.

இந்தத் தூளின் உண்மையான குறை அதன் பொதியில் இருக்கிறது. ஈரப்பதம் பட்டால் பேர்காபனேற்று மெல்ல மெல்லச் சிதைந்து, பெயரளவில் மட்டும் கறைநீக்கியாகிவிடுகிறது. மாரி காலத்தில் சுவரே வியர்க்கும் ஊரில், ஒருமுறை கத்தரித்தால் மீண்டும் மூட முடியாத பொலித்தீன் உறையில் இதை விற்பது பொறுப்பான செயலல்ல. வாங்கியவுடன் இறுக மூடும் உலர்ந்த பிளாஸ்ரிக் பாத்திரத்துக்கு மாற்றி, குளியலறையில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத வேறிடத்தில் வைக்க வேண்டும். கரைத்த நீரைப் போத்தலில் அடைத்து வைப்பது அதைவிடத் தவறு. ஒட்சிசன் வெளியேற வழியின்றி அமுக்கம் கூடிப் போத்தல் வெடிக்கலாம்.

கறை படியாமல் தடுப்பதற்கு இந்தத் தூளால் எதுவும் செய்ய முடியாது. உறையில் 'பாதுகாப்பு' என்று எழுதியிருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. வியர்வையடக்கியை இரவில் மெல்லியதாகப் பூசி, காய்ந்த பின் உறங்குவது அதன் வேலையையும் கூட்டும், காலையில் சட்டையில் ஒட்டுவதையும் குறைக்கும். படிகாரக் கட்டியை மாற்றாகப் பரிந்துரைப்பவர்கள் அதுவும் ஓர் அலுமினிய உப்பே என்பதை மறந்துவிடுகிறார்கள். உள்ளே பருத்தி பெனியன் அணிவதும், சேலைச் சட்டையின் கமக்கட்டில் கழற்றித் துவைக்கக்கூடிய சிறு பருத்தித் துண்டை வைத்துத் தைப்பதும் பழைய உபாயங்கள். தையற்காரரிடம் சொன்னால் செய்து தருவார். வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றிக் கூடைக்குள் எறியாமல் வெறும் நீரிலாவது அலசிப் போடுவது, விலை கொடுத்து வாங்கும் எந்தக் கறைநீக்கியையும் விடப் பயனுள்ளது. அலசாத சட்டையை 'இன்னொரு நாள் போடலாம்' என்று மின்னழுத்தியால் தேய்ப்பதை மட்டும் அடியோடு கைவிட வேண்டும்.

வெள்ளைச் சீருடையும் வேட்டியும் அதிகம் புழங்கும் வீடுகளுக்கு இதைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். வாங்கும்போது வாசனையையும் உறையில் உள்ள படத்தையும் பார்க்காமல், பின்புறத்தில் பேர்காபனேற்றின் வீதம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில பொதிகளில் அது சிறு பங்காகவும் மீதி வெறும் சலவைச் சோடாவாகவும் இருக்கிறது. பொதியை அமுக்கும்போது தூள் உதிரியாக நகர வேண்டும். கட்டிபட்டிருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். விலைக் கழிவு கிடைத்தாலும் அதை அடுக்கிலேயே விட்டுவிடுங்கள்.