மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்: 350 ரூபாய்க்குத் தகுமா?

ஈரோட்டில் ஒரு டூல்ஸ் கடையில் வாங்கினேன். டாக்டர் கழுத்தில் தொங்குமே, அதேதான். நெஞ்சில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாகச் சிறிய உலோக டப்பா; அதில் திருகி மாட்ட ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி. ஓடுகிற இயந்திரத்தின் மேல் கம்பி முனையை ஊன்றினால் உள்ளே நடப்பதெல்லாம் காதுக்கு வந்துவிடுகிறது.

மாவு மில் நடத்துபவன் நான் என்பதால், முதலில் மோட்டாரில்தான் வைத்துப் பார்த்தேன். விசிறிப் பக்கத்துப் பேரிங்கில் சீரான ரீங்காரம். பெல்ட் பக்கத்தில் அரிசியோடு கல் அரைபடுவது போன்ற கரகரப்பு. பெல்ட்டை அதிகமாக இழுத்துக் கட்டினால் அந்தப் பக்கத்துப் பேரிங்தான் முதலில் அடி வாங்கும். கழற்றினால் கிரீஸ் காய்ந்து, குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதே மோட்டாரில் நல்ல பேரிங் ஒன்றும் இருந்ததால்தான் வித்தியாசம் சட்டென்று பிடிபட்டது.

பழைய மேஸ்திரிகள் சிரிப்பார்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்தால் போதாதா என்பார்கள். போதும்தான், சத்தமும் தெளிவாகவே வரும். ஆனால் சுற்றுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். முகம் எட்டி நிற்பதற்கே 350 ரூபாய் கொடுக்கலாம். அதற்காகத் தோளில் துண்டோடு குனியாதீர்கள். கருவியின் ரப்பர் குழாயும் பெல்ட்டில் சிக்கக் கூடியதுதான்.

என் 100 சிசி பைக்கில்தான் இதன் முழு அருமை தெரிந்தது. காலையில் கிளப்பியதும் டக் டக் என்று அடிக்கும், சூடேறினால் குறையும். பிஸ்டன் தேய்ந்துவிட்டது, போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் மாட்ட வேண்டும் என்றது ஒரு பட்டறை. குளிரில் அடித்துச் சூட்டில் அடங்கினால் பிஸ்டனைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் பிஸ்டன் ஓடும் பிளாக்கில் கம்பியை ஊன்றினால் சத்தம் மங்கல். வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டின் மூடியிலும் வழக்கமான தட்டல்தான். (டாப்பெட் லேசாகத் தட்டினால் பயப்பட வேண்டாம். இடைவெளியே இல்லாமல் இறுக்கிச் சத்தத்தை அடக்கினால் வால்வு கருகிவிடும்.) பிறகு கம்பியையும் டப்பாவையும் கழற்றிவிட்டு, வெறும் குழாயின் வாயை சைலன்சர் குழாய் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு சேரும் இடத்துக்கு அருகே, சூட்டில் படாமல் நீட்டினேன். அங்கே புஸ் புஸ் என்று காற்று அடித்தது. அந்த இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் பேக்கிங் போயிருந்தது. சூடேறி உலோகம் விரிந்ததும் அந்தச் சந்து அடைபடுகிறது, சத்தமும் குறைகிறது. பேக்கிங்கை மாற்றி, நட்டுகளை இறுக்கியதோடு டக் டக் நின்றது.

குறைகளும் உண்டு. காதில் செருகும் குமிழ்கள் கல் மாதிரி. சிறிது நேரத்திலேயே வலிக்கிறது. மருந்துக் கடையில் மென்மையானவை வாங்கி மாற்றிக்கொண்டேன். குழாய் சட்டையில் உரசினாலும் பெரிதாகக் கேட்கிறது. உலோகத்தில் சத்தம் ஓடிப் பரவுவதால், ஓரிடத்தில் கேட்டதும் அங்கேதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட முடியாது. முனையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எங்கே உரக்கக் கேட்கிறது என்று தேட வேண்டும்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்குத்தான் இது உதவும். மேடேறும்போது மட்டும் வருகிற சத்தத்தையோ, செயின் உரசலையோ இதை வைத்துப் பிடிக்க இயலாது. கிளட்சைப் பிடித்தால் சத்தம் மாறுகிறதா, ஆக்சிலேட்டரோடு ஏறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு ஏறுகிறதா என்பதையெல்லாம் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பம்ப்செட், கிரைண்டர், மில் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர், அதுவும் நேரத்துக்கு சர்வீஸ் போகிறது என்றால் தேவையில்லை. வாங்கும்போது டப்பா உலோகத்தால் ஆனதா, கம்பி ஆடாமல் திருகி உட்காருகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.