ஒரே ஆறு சரக்கு, எதிரெதிர் குளிகைகள்

ஸ்டீராய்டின் பக்கவிளைவுக்குச் சீன வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஜி பாய் டி ஹுவாங், ஜின் குய் ஷென் சி என்ற இரண்டு குளிகைகள் அடிக்கடி வரும். இரண்டுக்கும் அடிப்படை டி ஹுவாங் கிழங்கு உள்ளிட்ட அதே ஆறு சரக்குதான். ஜி மு உள்ளிட்ட குளிர்ச்சியான இரண்டைச் சேர்த்தால் முதலாவது. பட்டையும் பக்குவப்படுத்திய வச்சநாபி இனக் கிழங்கும் சேர்த்தால் இரண்டாவது. சூடான இந்த இரண்டாவதுதான் மூத்தது. சீனாவின் சுங் அரச காலத்துக் குழந்தை வைத்தியர் சியேன் யி, பிள்ளைகளுக்குச் சூடு ஆகாது என்று பட்டை, வச்சநாபி இரண்டையும் எடுத்துவிட்டு ஆறாக்கினார்.

எது எப்போது? பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் போகும்போது முகம் சிவக்கும், தூக்கம் கெடும், வியர்க்கும். 'யின் (உடலின் குளிர்ச்சிப் பக்கம்) வற்றித் தீ ஏறிவிட்டது' என்று குளிர்ச்சியானதைக் கொடுப்பார்கள். அதனால் வயிறு இளகலாம். அளவைக் குறைக்கும்போது களைப்பும் குளிரும் வரும், அப்போது சூடானது. இந்தக் கட்டத்துக்கு உடலியல் பக்கமும் உண்டு: 'சிறுநீரக யாங்' (உடலின் சூட்டுப் பக்கம்) குறைந்தவர்களின் சிறுநீரில், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் கழிவுகள் குறைவாக இருப்பதை ஷாங்காய் மருத்துவர் ஷென் சியின் கண்டார். ஆனால் வச்சநாபி பக்குவம் தவறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். என்னைக் கேட்டால், இதைக் கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடும் சரக்கில் சேர்க்கவே மாட்டேன்.

அப்புறம் அதிமதுரம், சீனத்தில் கன் சாவ். ஷென் சியின் வழியில் டி ஹுவாங், ஜி மு இரண்டோடும் இதைச் சேர்ப்பார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோலைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியை அதிமதுரத்தின் கிளிசிரைசின் தடுக்கிறது. பிரட்னிசோலோனும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஸ்டீராய்டால் வந்த எந்த வீக்கத்தைக் குறைக்க மருந்து தேடினோமோ, அதுவே கூடலாம். நம் வீட்டு அதிமதுரமும் இதே இனம்தான்.

லெய் கோங் டெங் என்ற கொடி மூலிகை வேறு ரகம். பக்கவிளைவைத் தணிக்க அல்ல, ஸ்டீராய்டின் அளவையே குறைக்கக் கொடுப்பது. நோயின் அழற்சியை நிஜமாகவே அடக்கும். அதற்குக் கொடுக்கும் விலை: விந்தணு குறையும், மாதவிடாய் நிற்கலாம், கல்லீரல் கெடலாம். பிள்ளை பெறும் வயதில் இது வேண்டாம்.

ஸ்டீராய்டால் வரும் எலும்புத் தேய்வுக்கு யின் யாங் ஹுவோ என்ற மூலிகையைச் சொல்வார்கள். அதற்கு எலிகளில் நிறையச் சோதனை உண்டு. மனிதரில் முறிவைக் குறைத்துக் காட்டியவை பிஸ்பாஸ்பொனேட் போன்ற எலும்பைக் காக்கும் மருந்துகள்தான். இந்த ஒன்றில் போட்டியே இல்லை.

மூலிகை எதுவானாலும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு அட்ரீனல் தூங்கிப் போயிருக்கலாம். ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழலாம். படிப்படியாகக் குறைப்பது ஸ்டீராய்டு எழுதிய மருத்துவரின் வேலை.

களிம்பு வாங்குபவர்களுக்கு ஒரு சேதி: 1999இல் லண்டனில் 11 'சீன மூலிகை'க் களிம்புகளைச் சோதித்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. அதுவும் ஸ்டீராய்டுதான்.