ஸ்டெர்லிங் ஹேடனின் ‘வாண்டரர்’: கடலுக்காக வாங்கினேன், சாட்சிக்காக மறுபடி படித்தேன்

கடல் சம்பந்தமான பழைய புத்தகம் கண்ணில் பட்டால் எனக்குக் கை நிற்காது. தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல், கொழும்புக்கு ஓடியவர். நான் சரக்குக் கப்பலில் முப்பத்தோரு வருஷம், அதில் கடைசி ஒன்பது வருஷம் போசன், அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. அதனால் இதையும் ஆன்லைனில் பழைய பிரதியாக 640 ரூபாய்க்கு வாங்கினேன். ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தார்கள். பிரித்த அன்றைக்கே முதுகு விட்டுப் பதினாறு பக்கம் மடியில் விழுந்தது. விற்றவருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. பார்சலுக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் மழையில் நனையாமல் வந்ததற்காக.

புத்தகத்துக்கு வருவோம். 1963இல் வந்த தன்வரலாறு. ஹேடன் ஹாலிவுட் நடிகர்தான், ஆனால் அதற்கு முன்பே மாலுமி. பதின்ம வயதில் கடலுக்குப் போய், 22 வயதில் அமெரிக்காவின் குளூஸ்டரிலிருந்து பசிபிக் தீவான தஹிதி வரை ஒரு பாய்க்கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர். 1959இல், விவாகரத்துக்குப் பிறகு, கோர்ட் தடையை மீறித் தன் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து தஹிதிக்குக் கிளம்பிவிட்டார். கப்பல் 1893இல் கட்டிய பைலட் ஸ்கூனர், துறைமுக வழிகாட்டிகளைக் கொண்டுபோகும் பாய்க்கப்பல். அந்தப் பயணம் ஒரு இழை, பழைய வாழ்க்கை இன்னொரு இழை. மாறி மாறி வரும். கடல் பகுதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கயிறு பிடித்த கை எழுதியது என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிகிறது. சினிமாக்காரர்கள் கடலை எழுதினால் சூரிய அஸ்தமனம் வரும். இவருக்கு வேலை வருகிறது. ஐந்துக்கு ஐந்து.

மறுபடி எடுத்துப் படிக்க வைத்தது நடுவில் வரும் விவகாரம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப் பிரிவின் ஆளாக, ஏட்ரியாடிக் கடலைத் தாண்டி, யுகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கெரில்லாக்களுக்குச் சரக்குக் கொண்டுபோனவர் ஹேடன். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியிருக்கிறார். அந்தப் போராளிகள் மேல் வந்த மரியாதையில் 1946இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, அரை வருஷத்தில் வெளியே வந்துவிட்டார். 1947இல் ஹாலிவுட்காரர்கள் பத்துப் பேர், சினிமாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துப் பின்னால் ஜெயிலுக்குப் போனார்கள். ஸ்டுடியோ முதலாளிகள் கூடி, இனி கம்யூனிஸ்டுக்கு வேலை இல்லை என்று அறிக்கை விட்டார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும் இவருக்குப் பயம் பிடித்தது. வக்கீல் மூலம் எஃப்.பி.ஐ.யை அணுகினார். 1951 ஏப்ரல் 10ஆம் தேதி குழுவின் முன் உட்கார்ந்து, கட்சியில் சேர்ந்ததுதான் வாழ்க்கையிலேயே தான் செய்த மகா முட்டாள்தனம் என்று சொல்லி, கட்சியில் தனக்குத் தெரிந்தவர்கள் பெயர்களையும் சொன்னார். நம்மூர்க் கோர்ட் பாஷையில் அப்ரூவர்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை குழுவிடம் ஏற்கெனவே இருந்தன. துப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை, தலை குனிகிறாயா என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் முன்னால் லாரி பார்க்ஸ் என்ற நடிகர் அதே இடத்தில் உட்கார்ந்து, என்னைச் சேற்றில் தவழ வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். கடைசியில் மூடிய அறையில் பெயர் சொன்னார், அப்படியும் அவர் தொழில் படுத்துவிட்டது. ஹேடனுக்கு வரிசையாகப் படம். அந்த ஓட்டத்தைப் புத்தகத்தில் அவரே கிண்டலடிக்கிறார். புதிதாகக் கிடைத்த ‘சுத்தமானவன்’ பட்டத்தைக் காசாக்கினேன் என்கிற மாதிரி.

நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். தனக்கு மனநல சிகிச்சை பார்த்தவரிடம், அன்றைக்கு அதைச் செய்ததிலிருந்து என்மேல் எனக்கு எவ்வளவு இகழ்ச்சி என்று உமக்குத் துளிகூடத் தெரியாது என்று வெடிக்கும் இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போனேன். பெயர் சொன்ன மற்றவர்கள் தேசம், கொள்கை என்று காரணம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஒரு கயிறும் பிடித்துத் தொங்கவில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. எங்கள் கப்பலில் பெயின்ட் டின் வெளியே போன விஷயத்தில் சீஃப் மேட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘யார் யார்?’ என்றார். பங்கு நானும் வாங்கியிருந்தேன். என் சி.டி.சி. புத்தகம், மாலுமியின் பணிப்பதிவேடு, அவர் மேஜைமேல் இருந்தது. இரண்டு பேர் பெயரைச் சொன்னேன். ஒருவன் பத்தொன்பது வயசுப் பையன். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். கேங்வேயில், கப்பலிலிருந்து இறங்கும் ஏணிப்படியில், அவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு செருப்பு கழன்றது. திரும்பி எடுக்கவில்லை. அவன் பெயரை இங்கே எழுதவில்லை, ஒரு தடவை சொன்னது போதும்.

அதனால்தான் இந்தப் புத்தகத்தில் செருப்பைத் தேடுகிறேன். ஹேடன் பெயர் சொன்னவர்களில் ராபர்ட் லீஸ், அபட்–காஸ்டெல்லோ நகைச்சுவைப் படங்களுக்கு எழுதியவர். வேலை போய், அரிசோனாவில் டூசான் நகரத்து ஹோட்டலில் விருந்தினரை வரவேற்று மேஜை காட்டும் வேலை பார்த்தார், பிறகு டி.வி.க்குப் புனைபெயரில் எழுதினார். கேரன் மார்லி என்ற நடிகைக்கு அதோடு சினிமா முடிந்தது. இதெல்லாம் நான் வேறு இடத்தில் தேடிப் படித்தது. நானூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் ஹேடன் தன்னை வெறுப்பதற்கு எடுத்துக்கொண்ட இடம் தாராளம். அவர்கள் இறங்கிப் போன கேங்வேக்கு அவ்வளவு இடம் இல்லை. தன்மேல் உள்ள அக்கறையில்தான் பெயர் சொன்னார். வருந்தும்போதும் பாதி அக்கறை தன்மேல்தான். சாட்சிப் பகுதிக்கு மூன்று நட்சத்திரம். முதலில் இரண்டு போட்டு, பிறகு மாற்றினேன். நான் இதுவரை இவ்வளவுகூட எழுதியதில்லை.

புத்தகம் வந்த மறு வருஷம் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில், கம்யூனிஸ்டுகள் குடிதண்ணீரைக் கெடுக்கிறார்கள் என்று நம்பி அணுகுண்டு விமானங்களை அனுப்பும் ஜெனரலாக இவர் நடித்தார். படித்து முடித்த கையோடு அதைப் பாருங்கள், சுருட்டைக் கடித்தபடி அவர் பேசும்போது சிரிப்பு பாதியில் நிற்கும்.

வாங்குகிறவர்கள் முதுகு போட்டோ கேட்டு வாங்குங்கள். நான் மைதா பசை காய்ச்சி ஒட்டி, இரண்டு நாள் அம்மிக்குழவியை மேலே வைத்தேன். இப்போது பக்கம் விழவில்லை.