லிப்ரே ஆஃபிஸா, லினக்ஸ் கெர்னலா?

இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதித் தரலாம் என்றால், இரண்டுமே பேர் சொல்லும். ஆனால் ஒரு செமஸ்டரில் முடிய வேண்டுமே!

2010-இல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில், புதியவர்களுக்கென்றே 'ஈஸி ஹேக்ஸ்' என்று சின்னச் சின்ன வேலைகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கடினம், எந்த மொழி தேவை என்பதும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் சி++, பைத்தானுக்கும் கொஞ்சம் இடமுண்டு. நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் முதல் பில்டு மட்டும் பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும்; ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். பல மாற்றங்கள் திரையிலேயே தெரியும் என்பதால் வைவாவில் திறந்து காட்டலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் பேட்சை (நிரல் மாற்றத்தை) மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். ஸ்டேஜிங் டிரைவர்களில் (இன்னும் செப்பனிட வேண்டிய வன்பொருள் இயக்கி நிரல்களில்) நிரல் நடையைத் திருத்தும் முதல் பேட்ச் எளிது. ஆனால் அதை ப்ராஜெக்ட் என்று சொன்னால் வழிகாட்டி சிரிப்பார். அதைத் தாண்டினால் வன்பொருள் அறிவு வேண்டும். எம்பெடட் (கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருள்) வேலைதான் குறி என்றால் சரி, கெர்னல். மற்றவர்களுக்கு என் ஓட்டு லிப்ரே ஆஃபிஸுக்கு.